தெமியார் எண் பட்டியல்களை நம்பி எடுக்கலாமா?

மலேசியாவின் பேராக், கிளந்தான் மலைக்காடுகளில் வாழும் ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடி மக்களில் தெமியார் ஒரு பெரிய பிரிவு. அவர்கள் மொழியில் எண்ணக் கற்க இலவசமாகக் கிடைப்பவை 1 முதல் 10 வரையான சொற்பட்டியல்கள்தாம். தொடங்குவதற்கு உதவும். ஆனால் எது சொந்தச் சொல், எது மலாய் என்று பிரிக்காமல் பத்தையும் ஒரே வரிசையில் அடுக்கும் பட்டியலுக்கு நான் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் தரமாட்டேன்.

சொந்த எண்கள் மூன்றே. 1 ஏறத்தாழ ‘நெய்’ போலவும், 2 ‘நார்’ போலவும் ஒலிக்கும். 3 ‘நெ’ என்று தொடங்கித் தொண்டையில் சட்டென அடைபட்டு நிற்கும். மலாய்க்காரர் ‘அனாக்’ என்னும்போது கடைசியில் கேட்கும் அதே அடைப்புதான். இதைச் சிலர் மேற்கோள்குறியாக இடுவார்கள், சிலர் ‘க்’ என்று எழுதுவார்கள், சிலர் விட்டே விடுவார்கள். விட்டுவிட்டால் 1க்கும் 3க்கும் வித்தியாசம் எளிதில் பிடிபடாது. ஆகவே ஒலிப்பதிவு இல்லாத பட்டியலை மட்டும் வைத்துப் படிக்க வேண்டாம்.

4 முதல் எல்லாம் மலாய்: எம்பாட், லீமா, எனாம், தூஜூ... இங்கே ஒரு சோதனை செய்யலாம். 8க்கு ‘லாப்பான்’ இருக்க வேண்டும். ‘டெலாப்பான்’ என்றிருந்தால் தொகுத்தவர் இந்தோனேசிய வடிவத்தை அப்படியே ஒட்டியிருக்கலாம். மற்றச் சொற்களையும் சந்தேகியுங்கள். அண்டை மொழியான செமாயோடு கலந்துவிடுவதும் நடக்கும். 2, 3 ஆகியவை இரு மொழிகளிலும் நெருங்கி ஒலிப்பதால் தவறு கண்ணில் படாது, 1 தான் காட்டிக்கொடுக்கும்.

கடன் வாங்கியதால் மொழி ஏழை என்று முன்னுரை எழுதும் பட்டியல்களை ஏற்கவே முடியாது. சந்தை, பணம், கடிகாரம் எல்லாம் மலாயில் வந்தால் பெரிய எண்களும் அதிலேயே வரும். அதே தெமியாரில் ‘நாம் இருவர்’, ‘நீங்கள் இருவர்’ என்பதற்குத் தனிப் பிரதிப்பெயர்கள் உண்டு. தமிழில் உள்ள ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடும் அங்கே இருக்கிறது, இருவருக்கும் பலருக்கும் தனித்தனியாக. இந்த இருவர் வடிவங்களைக் கற்காமல் ‘நார்’ மட்டும் மனப்பாடம் செய்தவரால் இரண்டு பேரைப் பற்றிச் சரியாகப் பேச முடியாது. இந்தப் பிரதிப்பெயர்களையும் சேர்த்துத் தரும் பட்டியலையே எடுங்கள்.

உச்சரிப்புக்கு மலேசிய அரசு ஒலிபரப்பான ஆர்டிஎம்மின் அசிக் எஃப்எம் வானொலியில் தெமியார் பேச்சைக் கேட்கலாம். முதலில் அந்தத் தொண்டை அடைப்புக்குக் காதைப் பழக்குங்கள்.