10,000 டாலர் போனஸில் 2,200 பிடித்தம்: கடற்படைத் தளத்து இலவச வரி உதவி மையம் எப்படி?

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். ஒன்றைக் குறைத்த காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

என் கணவர் அமெரிக்கக் கடற்படையில் பெட்டி ஆபீசர்; பெயரில்தான் ஆபீசர், அதிகாரி அல்ல, மாலுமித் தரம். ஹூஸ்டனில் வளர்ந்தவர். இப்போது வர்ஜீனியாவில், நார்ஃபோக் பக்கம் குடியிருக்கிறோம். பணியிலேயே இன்னும் நான்கு ஆண்டுகள் நீடிப்பதாக 2024 பிப்ரவரியில் கையெழுத்திட்டார். அதற்கு 20,000 டாலர் போனஸ். பாதியை உடனே தருவார்கள், மீதியை ஆண்டுதோறும் தவணையாகப் பிரித்துத் தருவார்கள். அந்தக் கணக்கில் 10,000 வர வேண்டும். வங்கியில் வந்து விழுந்தது 7,800. ஒப்பந்தத் தாளில் வரியைப் பற்றி ஒரு வரி இருந்தது, அதில் எவ்வளவு என்று மட்டும் இல்லை. சம்பளப் பிரிவில் விசாரித்தபோது, "எல்லாருக்கும் அப்படித்தான்" என்ற பதிலோடு ஜன்னல் மூடிக்கொண்டது.

கோயம்புத்தூரில் பி.காம். படித்தவள் நான். "எல்லாருக்கும் அப்படித்தான்" என்பது எந்தப் பேரேட்டிலும் ஒரு தலைப்பு கிடையாது.

தளத்தின் வாசலுக்கு வெளியே வரிப் படிவம் நிரப்பித் தரும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. 2025 ஜனவரி கடைசியில் அதில் ஒன்றுக்குத்தான் முதலில் போனேன். மேசையில் இருந்த இளைஞர் மரியாதையாகவே பேசினார். ஆனால் வர்ஜீனியா மாநில வரிப் படிவத்தையும் சேர்த்து நிரப்பத் தொடங்கிவிட்டார், அதற்குத் தனிக் கட்டணமாம். என் கணவரின் சட்டப்படியான வசிப்பிடம் டெக்சாஸ். அங்கே மாநில வருமான வரியே இல்லை. ராணுவ உத்தரவின்பேரில் வேறு மாநிலத்தில் தங்கியிருப்பவரின் ராணுவச் சம்பளத்துக்கு அந்த மாநிலம் வரி கேட்க முடியாது என்று கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது. அதைச் சொன்னதும், "மேலாளரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து போனார். நானும் எழுந்து வந்துவிட்டேன்.

பிறகுதான் தளத்துக்குள் இருக்கும் இலவச மையம். ஐ.ஆர்.எஸ். என்னும் வருமான வரித் துறையிடம் பயிற்சி பெற்றுத் தேர்வு எழுதிய தன்னார்வலர்கள் நடத்துவது. காலாவதியான அறிவிப்புகள் ஒட்டிய சுவர், மடக்கு நாற்காலிகள், மூன்று கணினிகள், அவ்வளவுதான். எனக்கு வாய்த்தவர் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு முதியவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, போனஸ் வந்த மாதத்துச் சம்பளச் சீட்டைத்தான் முதலில் கேட்டார். பிடித்தப் பத்தியில் விரலை வைத்து, "இது உங்கள் வரி இல்லை அம்மா, முன்பணம்" என்றார்.

விஷயம் இதுதான். போனஸ் போன்ற கூடுதல் வருமானத்தில் கூட்டாட்சி வரிக்காக 22 சதவீதத்தை ஒரே அடியாகப் பிடித்துவிடுகிறார்கள். உங்களுக்கு எத்தனை குழந்தைகள், நீங்கள் எந்த வரி அடுக்கில் இருக்கிறீர்கள் என்பதையெல்லாம் அது பார்ப்பதில்லை. சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று கணக்கிட நாம் எழுதித் தரும் டபிள்யூ-4 படிவத்தை மாற்றி எழுதினாலும் இந்த 22 அசையாது. நம் ஊர் டி.டி.எஸ். தெரிந்தவர்களுக்கு மேலும் விளக்கத் தேவையில்லை: பிடித்தது பிடித்ததுதான், உண்மையான வரி எவ்வளவு என்பது ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது தெரியும். ஒரு நல்ல செய்தியும் உண்டு. தனியார் நிறுவனத்தில் போனஸ் வாங்குபவருக்கு சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) என்று இன்னும் 7.65 சதவீதம் போகும். ராணுவத்தில் அந்தப் பிடித்தம் அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும்தான், போனஸைத் தொடாது.

எங்கள் கணக்கை என் கண் முன்னாலேயே போட்டார். ஆண்டு அடிப்படைச் சம்பளம் ஏறக்குறைய 50,000. வீட்டுப்படிக்கும் உணவுப்படிக்கும் வரி இல்லை. டிசம்பரில் கப்பல் போர்ப் பகுதியான செங்கடலில் இருந்ததால் அந்த மாதச் சம்பளத்துக்கும் வரி இல்லை; அது ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்தத்தையும் காட்டும் டபிள்யூ-2 தாளில் 12ஆம் கட்டத்தில் 'க்யூ' என்ற எழுத்தோடு தனியாக நிற்கிறது. கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 2024க்கான நிலைக் கழிவு, அதாவது வரி போடாமல் வருமானத்தில் கழித்துவிடும் தொகை, 29,200. இவ்வளவும் போன பிறகு, அந்த 10,000 டாலர் போனஸ் 10, 12 சதவீத அடுக்குகளில்தான் விழுகிறது. அதற்கு உண்மையான வரி 1,100 டாலரைத் தொடவில்லை. பிடித்த 2,200இல் பாதி திரும்பி வர வேண்டிய பணம். குழந்தைக்கான 2,000 டாலர் வரிச் சலுகை இதில் சேராது, அது தனி.

இத்தோடு விட்டிருந்தால் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன். "எங்கே வைத்துக் கையெழுத்திட்டார்?" என்று கேட்டார். "இங்கேதான், துறைமுகத்தில்" என்றேன். கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. போர்ப் பகுதியில் இருக்கும் மாதத்தில் ஒரு மாலுமி பணி நீட்டிப்புக்குக் கையெழுத்திட்டால், முழு போனஸுக்கும் வரி இல்லை. ஊர் திரும்பிய பிறகு வரும் தவணைகளுக்கும் இல்லை. அதிகாரிகளுக்கு உச்சவரம்பு உண்டு, மற்றவர்களுக்கு இல்லை. செங்கடல் போர்ப் பகுதிப் பட்டியலில் 1991 முதலே இருக்கிறது. பழைய ஒப்பந்தம் முடிய எங்களுக்கு ஓராண்டு மிச்சம் இருந்தது. கப்பல் எந்தப் பக்கம் போகும் என்று பிப்ரவரியில் எங்களுக்குச் சொல்ல முடியாதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்படி ஒரு விதி இருக்கிறது என்பது ராணுவ ரகசியமா? தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கியவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கணவரோடு வேலை செய்யும் ஒருவர் டிசம்பரில் கப்பலின் மேல்தளத்தில் நின்று கையெழுத்திட்டார். அவருக்கு ஒரு சென்ட் கூடப் பிடிக்கவில்லை. கையெழுத்திட்டபோது எடுத்த புகைப்படத்துக்கு நானும் விருப்பக்குறி போட்டேன், வேறு என்ன செய்வது.

அடுத்த தவணைக்கு அந்தப் பெரியவர் சொன்ன வழி: டி.எஸ்.பி. ஓய்வுக்கால சேமிப்பில் போனஸுக்கென்று தனியாக ஒரு சதவீதம் குறிக்கலாம். அதை மரபான கணக்கில் போட்டால் அந்தத் தொகைக்கு இப்போது வரிப் பிடித்தம் இருக்காது. இப்போதே வரி கட்டிவிட்டுச் சேமிக்கும் ராத் கணக்கில் போட்டால் பிடித்தம் உண்டு. 2025க்கான வரம்பு 23,500 டாலர்.

படிவம் முடிந்ததும் உடனே அனுப்பிவிடவில்லை. இன்னொரு தன்னார்வலர் முதல் எண்ணிலிருந்து மறுபடி சரிபார்த்த பிறகுதான் மின்வழியில் போனது. கட்டணம் கிடையாது.

மதிப்பெண் குறைந்தது நேரத்துக்காக. முன்பதிவு இல்லாமல் உள்ளே விடுவதில்லை, வார நாட்களில் பகலில் மட்டும், ஏப்ரல் நடுவில் மூடிவிடுகிறார்கள். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு உட்கார ஒரு மூலை கூட இல்லை. தொலைபேசியில் என்னென்ன தாள்கள் வேண்டும் என்பதையும் முழுதாகச் சொல்வதில்லை, ஆகவே நான் சொல்கிறேன்: அடையாள அட்டை, எல்லாருடைய சோஷியல் செக்யூரிட்டி அட்டைகள், டபிள்யூ-2, போன ஆண்டுப் படிவம், வங்கிக் கணக்கு எண். கணவர் கடலில் இருந்தால் பவர் ஆஃப் அட்டர்னி. போர்ப் பகுதியில் இருப்பவருக்காக விளக்கக் கடிதம் இணைத்து மனைவியே கையெழுத்திடவும் விதி இடம் தருகிறது. இருந்தாலும் பத்திரம் கையில் இருந்தால் பேச்சு குறையும். தளத்துச் சட்ட உதவிப் பிரிவில் அதையும் இலவசமாகவே செய்து தருகிறார்கள்.

நேரில் போக முடியாதவர்களுக்குப் பாதுகாப்புத் துறையின் மில்டாக்ஸ் என்னும் இணையவழி வரித் தாக்கல் சேவை இருக்கிறது. கூட்டாட்சிப் படிவம் ஒன்று, மாநிலப் படிவங்கள் மூன்று வரை இலவசம், தொலைபேசியில் ஆளும் கிடைப்பார்கள். போர்ப் பகுதியில் இருப்பவர்களுக்குத் தாக்கல் செய்யும் கெடு, அங்கிருந்து கிளம்பிய பிறகும் குறைந்தது 180 நாட்கள் நீள்கிறது. நான் காத்திருக்கவில்லை. அந்தப் பணம் எனக்கு மார்ச்சிலேயே வேண்டியிருந்தது, மார்ச்சிலேயே வந்தது.