அம்மாவின் வாய்தாவும் என் போனும்

இந்த ஜூலையில் மூன்று வாரம் காட்பாடியில் இருந்தேன். அம்மாவின் பாகப்பிரிவினை வழக்குக்கு ஒரு வாய்தாவாவது கூடப் போய் நிற்க வேண்டும் என்று முடிவு செய்துதான் லண்டனிலிருந்து டிக்கெட்டே போட்டேன். (மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை, அப்போது ஊருக்கு வந்தால் இந்த வேலை நடக்காது.) எந்தக் கோர்ட் என்று சொல்ல விரும்பவில்லை, பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்குள் ஒன்று, அவ்வளவு போதும்.

வாசலில் பெண் காவலர் பையைத் திறந்து பார்த்தார், போனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அறிவிப்புப் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. அம்மாவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காதும் பாதிதான். கனடாவில் இருக்கும் தங்கைக்கும் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். அதனால் வழக்கைக் கூப்பிட்டதும் போனை மடியில் வைத்து ஒலிப்பதிவை அழுத்தினேன். டவாலி நேராக என்னிடம் வந்துவிட்டார். "தம்பி, அதை அணைச்சுட்டு வெளியே போங்க, ஐயா பார்த்தா போனை வாங்கி வெச்சிடுவாரு." வெளியே காவலர் ஒருவர் தன் கண் முன்னாலேயே பதிவை அழிக்கச் சொன்னார். நான் திரும்பி உள்ளே போவதற்குள் அடுத்த தேதி போட்டாகிவிட்டது. இதற்காகவே கடல் தாண்டி வந்தும், அம்மா அங்கே தனியாகத்தான் நின்றிருக்கிறார். நீதிபதி என்ன சொன்னார் என்று கேட்டால், "ஏதோ சொன்னாங்கப்பா" என்றார். இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது.

தப்பு என்னுடையதுதான். இங்கிலாந்தில் கோர்ட்டுக்குள் படம் எடுப்பது 1925-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம், அனுமதியில்லாமல் ஒலிப்பதிவு செய்வது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்ற அவமதிப்பு. லண்டனின் ஓல்டு பெய்லி கிரிமினல் கோர்ட்டில் பொதுமக்கள் உட்காரும் மாடத்துக்குப் போனையே கொண்டு போக முடியாது, அதை வைத்துவிட்டுப் போக அங்கே இடமும் கிடையாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று எங்கள் வக்கீல் மத்தியானம் பொறுமையாகச் சொன்னார். ஒரு சாட்சி பேசும்போது அடுத்த சாட்சி வெளியே நிற்க வேண்டும், உள்ளே இருப்பவர் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் அந்த ஏற்பாட்டுக்கே அர்த்தமில்லை. ஒரு அடிதடி வழக்கில் சாட்சி சொல்ல ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிற ஆள், எதிர்த் தரப்பில் ஒருவர் தன்னைப் படம் பிடிக்கிறார் என்று தெரிந்தால் வாயைத் திறப்பாரா? போக்சோ வழக்குக்கு வரும் குழந்தையின் முகம் வெளியே போனால் அதை யார் திரும்ப வாங்கித் தருவது? கோர்ட் எல்லோருக்கும் திறந்ததுதான், யாரும் போய் உட்கார்ந்து கேட்கலாம், பதிவு செய்வது வேறு விஷயம். உச்ச நீதிமன்றம் 2018-இல் நேரலைக்கு வழிவிட்டு, 2022 செப்டம்பரிலிருந்து அரசியல் சாசன அமர்வின் விசாரணைகளை ஒளிபரப்புகிறது என்றாலும், அதைச் செய்வது நீதிமன்றமே.

இதெல்லாம் எனக்குச் சரி என்றே படுகிறது. ஆனால் கேட்டுக்கொள்ள ஒன்று இருக்கிறது. எங்கள் வழக்கு நடந்த நேரம் இரண்டு மூன்று நிமிடம், பேச்சு பாதிக்கு மேல் இங்கிலீஷில். பதிவு செய்யாதே என்றால், என்ன நடந்தது என்பதைக் காது கேட்காத ஒரு கிழவிக்கும் புரிகிற மாதிரி தமிழில் யாராவது சொல்ல வேண்டாமா? வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை, போனை வாங்கி வைக்க ஒரு அலமாரி, டோக்கன். 2022 டிசம்பரில் கோயில்களுக்குள் கைபேசி கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்ன பிறகு பழனி மாதிரிப் பெரிய கோயில்களில் டோக்கன் கொடுத்து வாங்கி வைக்கிறார்கள். சாமி கும்பிட வருகிறவர்களுக்குச் செய்ய முடிந்ததை வழக்குக்காக வருகிறவர்களுக்கும் செய்யலாம்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பத்திரத்தைப் போனில் மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள், எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை வக்கீலிடம் கேட்டு வாங்கினால் இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த தேதியை லண்டனிலிருந்தே பார்க்கலாம், எனக்கு இது இத்தனை நாள் தெரியாமல் போனதுதான் வருத்தம். அப்புறம், சாட்சி சொல்ல உங்களையே கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் விமானம் ஏற வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருப்பவரைக் காணொலியில் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே சொல்லிவிட்டது, வக்கீலிடம் மனு போடச் சொல்லுங்கள். அங்கேயும் நீங்களாகப் பதிவு செய்யக் கூடாது.

அன்று சாயந்திரம் வக்கீலின் குமாஸ்தா வீட்டுக்கே வந்து, நடந்ததை அம்மாவின் வலது காதுப் பக்கம் உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிவிட்டு, தேதியைக் காலண்டரில் தன் கையாலேயே எழுதிவிட்டுப் போனார். அடுத்த வாய்தாவுக்கு எதிர்வீட்டுப் பெண் கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.