மாசியில் எந்தப் பக்கம் மிதிப்பது: ஒகேனக்கல்லா, ராயக்கோட்டையா?

பொங்கல் முடிந்து மாசி பிறந்தால் எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் இதே பேச்சுதான். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். பாலக்கோடு வழியாக ராயக்கோட்டையும் ஏறக்குறைய அவ்வளவுதான். தூரம் ஒன்றுதானே என்று பாதிப்பேர் அருவிப் பக்கம் கை தூக்கிவிடுவார்கள். இரண்டு பக்கமும் பலமுறை போய் வந்தவனாகச் சொல்கிறேன்: இந்தப் பருவத்தில் பார்க்க வேண்டியது தூரத்தை அல்ல, ஏற்றம் எத்தனை மணிக்கு வருகிறது என்பதை.

ஒகேனக்கல் சாலை காலையில் ஆசை காட்டும். பனி விலகாத நேரத்தில் கிளம்பினால் வியர்க்காமலே பென்னாகரம் வந்துவிடும். ஒரு டீ குடித்துவிட்டுக் காட்டுக்குள் நுழைந்தால் காவிரி வரை இறக்கம்தான். குளித்து, மீன் சாப்பிட்டு முடிக்கும்போது மணி பதினொன்று. காலையில் சும்மா உருண்டு வந்த அதே வளைவுகளில் இனி ஏற வேண்டும். மாசியில் அந்தக் காட்டு மரங்கள் இலை உதிர்த்து நிற்கும். நிழலுக்கு ஒதுங்க இடமிருக்காது. தார் சூடு முகத்தில் அடிக்கும்.

போன மாசியில் புதிதாக வந்த தம்பி ஒருவருக்கு மூன்றாவது வளைவில் தொடைச் சதை இழுத்துக்கொண்டது. காலை நீட்டிவிட்டால் கல்லாக இறுகியிருந்தது. நாங்கள் நான்கு பேர் உப்புப் போட்ட மோரும் தண்ணீருமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். முன்னால் போனவர்களுக்குத் தகவலே தெரியாது. தப்பு அவருடையதல்ல, பாதையைத் தேர்ந்தெடுத்த எங்களுடையது.

சமதரையில் குழு ஒன்றாக இருப்பதற்குக் காரணம் காற்று. முன்னால் போகிறவர் எதிர்காற்றை வாங்கிக்கொள்வார். ஒட்டி வருகிறவருக்கு மிதி லேசாகும். ஏற்றத்தில் வேகம் விழுந்துவிட்டால் அந்த உதவி ஏறக்குறைய இல்லை. அவரவர் எடையை அவரவர்தான் இழுக்க வேண்டும். அங்கேதான் குழு சிதறும். சிதறுவது காலை ஏழரை மணிக் குளிரில் என்றால் ஒரு புளிய மரத்தடியில் காத்திருந்து சேர்ந்துகொள்ளலாம். உச்சி வெயிலில், காட்டுச் சாலையில் அது ஆபத்து. வறட்சி கூடக் கூட யானைகள் தண்ணீர் தேடி நடமாடும் பக்கம் அது.

ராயக்கோட்டைப் பாதை இதற்கு நேர் எதிர். மேடெல்லாம் போகும்போதே வந்துவிடும். பாலக்கோடு தாண்டியதும் நிலம் ஒசூர் மேட்டை நோக்கி உயரத் தொடங்கும். உடம்பு புதிதாக இருக்கும் நேரம், காற்றிலும் ஈரம் இருக்கும். எதிரே கோட்டை மலை தெரிய ஆரம்பித்தால் கடைசியில் வருபவருக்கும் கால் வந்துவிடும். 1791-இல் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் பிடித்த கோட்டை அது. திரும்பும்போது வெயில் இருந்தாலும் இறக்கம் தாங்கும்.

குறை இல்லாமல் இல்லை. பெரிய சாலையில் லாரிகள் பறக்கின்றன. முடிந்தவரை ஊர்ச்சாலைகளைப் பிடியுங்கள். தக்காளிக் கூடை ஏற்றிய வண்டிகளுக்கு வழிவிட ஒற்றை வரிசைக்கு மாற வேண்டியிருக்கும். இன்னொன்று, களம் இல்லாத ஊர்களில் அறுத்த கொள்ளுக்கொடியையும் ராகியையும் சாலையிலேயே பரப்பியிருப்பார்கள். கொள்ளுக்கொடி பின் கியருக்குள் புகுந்தால் கயிறு மாதிரி சுற்றிக்கொள்ளும். ஒருமுறை கத்தியால் அறுத்து எடுக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. முன்னால் போகிறவர் கை தூக்கி "கொள்ளு!" என்று குரல் கொடுத்துவிட்டு இறங்கித் தள்ளுவதுதான் எங்கள் வழக்கம். அது ஒரு குடும்பத்தின் தானியம், அதன்மேல் ஏற்றக் கூடாது.

ஒகேனக்கல்லை நான் ஒதுக்கவில்லை. மார்கழி, தையில் அந்தக் காட்டுச் சாலைக்கு ஈடே கிடையாது. மாசியில் கட்டாயம் போயே தீர வேண்டும் என்றால் பென்னாகரத்தில் சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் இறங்குங்கள்.

இப்போதுதான் சைக்கிள் வாங்கியவர்களும் பிள்ளைகளும் வருகிறார்கள் என்றால் இரண்டும் வேண்டாம், பாப்பாரப்பட்டி போதும். சுப்பிரமணிய சிவா 1925-இல் கண்மூடிய ஊர். அவர் நினைவிடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிடலாம்.

இந்த ஞாயிறு ராயக்கோட்டைதான். ஐந்தரைக்குக் கிளம்புகிறோம். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு மாற்று ட்யூப், ஒரு சின்னக் கத்தி.