சத்தம் கேக்காமக் குதிக்கப் பழக்குற கிளாஸ் (திருகோணமலை, பொம்பிளைப் பிள்ளையளுக்கு)

டவுன் அம்மாமார் குறூப்ல கொஞ்ச நாளா ஒரே கேள்விதான், ஸ்போர்ட்ஸ் செய்யுற பொம்பிளைப் பிள்ளைய ஸ்ட்ரெங்த் ட்ரெயினிங் விடலாமோ, எந்த வயசில விடுறது, எங்க விடுறது எண்டு. தனித்தனியா வொய்ஸ் போட்டுக் களைச்சுப் போனன், அதால இங்கயே முழுசா எழுதுறன். நாங்க போறது உவர்மலைப் பக்கம் ஒரு மிஸ் நடத்துற சின்னக் கிளாஸ், பொம்பிளைப் பிள்ளையள் மட்டும்தான். போர்ட் கீர்ட் ஒண்டும் இல்ல. பேர் போடேல்ல, ஏனெண்டா அவவுக்கு இப்பவே இடம் காணாது, வேணுமெண்டவ இன்பொக்ஸ்ல கேளுங்கோ. எனக்கு ரெண்டு பேர், மூத்தவளுக்கு 13, ஸ்கூல் நெட்போல் டீம், சின்னவளுக்கு 9, அவள் ஒரு டீமிலயும் இல்ல, அக்கா போறா எண்டு அழுது பின்னால வந்தவள்.

முதல்ல ஏன் தேடினனாங்க எண்டா மூத்தவள் ஒரு வருசத்துக்குள்ள திடீரெண்டு நெடுத்திட்டாள், சப்பாத்து வாங்கி வாங்கியே முடியேல்ல, அதோட முழங்காலுக்குக் கீழ ஒரு இடத்தில நோகுது எண்டு சொல்லத் தொடங்கினவள், தொட்டாலே கத்துவாள். டொக்டர் பாத்திட்டு இது வளர்ற வயசில துள்ளுற பிள்ளையளுக்கு வாறது, தொடைத் தசை இழுக்க எலும்பில ஒட்டியிருக்கிற அந்த இடம் நோகும், ஓஸ்குட் ஷ்லாட்டர் எண்டு பேர், கொஞ்சக் காலம் துள்ளலக் குறைச்சுத் தொடைக்கும் இடுப்புக்கும் ஒழுங்கா எக்சசைஸ் குடுங்கோ எண்டு சொன்னார். அந்த ஒழுங்கா எண்டதத் தேடித்தான் அலைஞ்சது. டவுன்ல ஒரு ஜிம்முக்குக் கூட்டிக்கொண்டு போனா அங்க நிண்ட தம்பி பிள்ளையின்ர வயசையே கேக்கேல்ல, பெரிய ஆக்கள் தூக்குற இரும்பத் தோளில வச்சு, எவ்வளவு தூக்குவா எண்டு பாப்பம் எண்டார். அப்பிடியே கையப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்திட்டன்.

இந்த மிஸ் நேர் எதிர். முதல் நாள் ஓடவும் விடேல்ல, துள்ளவும் விடேல்ல. சுவரில நிப்பாட்டி உயரம் அளந்தா, பிறகு கதிரையில இருத்தி இருக்கிற உயரம் அளந்தா, கடைசியா எப்ப சப்பாத்து சைஸ் மாறினது, சாமத்தியப்பட்டு எவ்வளவு காலம், கிழமைக்கு எத்தின மணித்தியாலம் பிரக்டிஸ், எங்கயாவது நோகுதா எண்டு ஒரு கொப்பியில எழுதினா. எனக்கு விசர் வந்தது, காசு கட்டிப்போட்டு இதென்ன கிளினிக்கோ எண்டு. பிறகுதான் விளங்கினது, அவ குறூப் பிரிக்கிறது வகுப்பப் பாத்தோ கெட்டித்தனத்தப் பாத்தோ இல்ல, பிள்ளை வளர்ச்சியில எங்க நிக்குது எண்டு பாத்து. பொம்பிளைப் பிள்ளையள் ஆகக் கெதியா நெடுக்கிறது 12 வயசளவில, ஆம்பிளைப் பிள்ளையளுக்கு அது 14 அளவில. அந்த நேரத்தில கால் கை நீண்டிடும் ஆனா மூளை இன்னும் பழைய நீளத்துக்குத்தான் கணக்குப் போடும், அதால நல்லா ஓடின பிள்ளைகூட ஒரு ஆறு மாசம் தடுமாறும், போல் கையால நழுவும். இத "சோம்பல்" எண்டு ஏசுற கோச்மாரும் இருக்கினம். அதுக்குப் பிறகு ஆம்பிளைப் பிள்ளையளுக்கு உடம்பே தசையையும் பலத்தையும் அள்ளிக் குடுக்குது, எங்கட பிள்ளையளுக்கு உயரமும் நிறையும் கூடுற அளவுக்குப் பலம் தானாக் கூடாது, அதப் பழக்கித்தான் எடுக்க வேணும். அதாலதான் துள்ளி நிலத்தில இறங்கேக்க முழங்கால் ரெண்டும் உள்ளுக்கு மடியுறது, அதுதான் ஆபத்தான இடம்.

இனி கிளாஸில மெயின் விசயத்துக்கு வாறன். ஒரு அடி உயரமும் வராத ஒரு மரப் பெட்டி, அதில ஏறி நிண்டு கீழ இறங்கி அப்பிடியே நிக்க வேணும். அவ்வளவுதான். மிஸ் முன்னால குந்தி இருந்து போன்ல ஸ்லோ மோசன்ல எடுப்பா. மூத்தவளிண்ட முதல் வீடியோவப் பாத்து நானே பயந்திட்டன், கால் நிலத்தில பட்ட உடன வலது முழங்கால் இடது முழங்காலத் தேடிப் போகுது, பிள்ளைக்குத் தான் அப்பிடி இறங்குறது எண்டே தெரியாது. மிஸ் ஏசேல்ல, வீடியோவ அவளுக்கே காட்டி "மகள், உங்கட முழங்கால் எந்த விரலப் பாக்குது எண்டு நீங்களே சொல்லுங்கோ" எண்டு கேட்டா. பிறகு அவவிண்ட ஒரே சட்டம், இறங்கேக்க சத்தம் கேக்கக் கூடாது. தகரக் கூரை போட்ட ஹோல், சீமெந்து நிலத்துக்கு மேல ரப்பர் மெட், பிள்ளையள் வரிசையா இறங்க இறங்க மிஸ் மற்றப் பக்கம் திரும்பி நிண்டு காதால மட்டும் கேட்டு "ரெண்டாவது ஆள் திருப்பி" எண்டுவா. ஆர் எண்டு பாக்கிறதே இல்ல. சத்தமில்லாம இறங்க வேணுமெண்டா முழங்காலும் இடுப்பும் மடியத்தான் வேணும், விறைச்ச காலோட இறங்கினா சத்தம் வரும், அப்ப ஒரு விளக்கமும் தேவையில்ல. ரெண்டு கால் சரியானாப் பிறகு ஒத்தைக்கால், அதுக்குப் பிறகு இறங்கேக்க போல் எறிஞ்சு பிடிக்க வைக்கிறது, அதுக்குப் பிறகு பக்கத்தில ஒராள் மெல்ல இடிக்கிறது.

நெட்போல் விளையாடுற பிள்ளையளுக்கு இது எவ்வளவு முக்கியம் எண்டு நான் யோசிச்சதே இல்ல. அந்த விளையாட்டில போலப் பிடிச்சா அந்த இடத்திலயே பிரேக் போட வேணும், முதல் ஊண்டின கால மறுபடி வச்சா ஃபவுல், அப்ப ஓடி வந்த வேகம் முழுக்க அந்த ஒரு முழங்காலிலதான் இறங்குது. முழங்காலுக்குள்ள இருக்கிற ஏ.சி.எல் எண்ட நார் அறுந்தா பெரும்பாலும் ஒப்பரேசன், பிறகு ஒன்பது மாசத்துக்குக் குறையாம வெளில இருக்க வேணும், துள்ளித் திரும்புற விளையாட்டுகளில அது ஆம்பிளைப் பிள்ளையளவிட பொம்பிளைப் பிள்ளையளுக்கு ரெண்டு மூண்டு மடங்கு கூட வருது. ஆனா எங்கட பக்கத்தில யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் இலங்கை டீமில விளையாடத் தொடங்கின காலத்தில இருந்து நெட்போலுக்கு உயரம் இருந்தாக் காணும் எண்டு ஒரு நினைப்பு, நெட்டைப் பிள்ளை எண்டா உடன டீம், ஆனா அந்த நெட்டைப் பிள்ளைக்குத்தான் இந்தப் பழக்கம் ஆகத் தேவை.

வோர்ம் அப் எண்டு அவ செய்விக்கிறது ஃபிஃபா இலெவன் பிளஸ், உதைபந்தாட்டக்காரருக்கு எண்டு செஞ்சது, ஆனா எல்லா விளையாட்டுக்கும் சரிவருது எண்டுதான் செய்விக்கிறா. 15 எக்சசைஸ், 20 நிமிசம் அளவில முடியும், மெதுவா ஓடுறது, பிளாங்க், ஒத்தைக்காலில நிண்டு போல் எறியுறது, ஸ்குவாட், துள்ளுறது, கடைசியா வேகமா ஓடித் திரும்புறது. ஒராள் கணுக்காலப் பிடிக்க மற்றவ முழந்தாளில நிண்டு விறைச்சபடி முன்னுக்குச் சாயுற ஒண்டு இருக்கு, பாக்கச் சின்ன விசயம், பின்தொடை அடுத்த நாள் கதை சொல்லும். இந்த வோர்ம் அப் சும்மா கதைக்கு இல்ல, நோர்வேல 13இல இருந்து 17 வயசுப் பொம்பிளைப் பிள்ளையள் 1,800 பேருக்கு மேல வச்சுப் பாத்து 2008இல வெளியிட்ட ஆய்வில மொத்தக் காயம் மூண்டில ஒரு பங்கு அளவு குறைஞ்சது, பாரதூரமான காயம் கிட்டத்தட்டப் பாதியாக் குறைஞ்சது. காசில்லாத விசயம், எந்த ஸ்கூல் கிரவுண்டிலயும் செய்யலாம், ஆனா நான் பாத்த அளவில எங்கட பக்கம் வோர்ம் அப் எண்டா இன்னும் கிரவுண்ட ரெண்டு ரவுண்ட் சுத்துறதுதான்.

பாரம் எண்டு பாத்தா தொடக்கத்தில தும்புத்தடிதான். அதத் தோளுக்குக் குறுக்க வச்சு ஸ்குவாட், முதுகு நேரா நிக்க வேணும், குதிக்கால் கிளம்பக் கூடாது. சரியா வந்தாத்தான் மண் நிரப்பின தண்ணிப் போத்தல், அதுக்குப் பிறகுதான் சின்ன டம்பெல். ஒரு செட்டுக்கு எட்டில இருந்து பதினைஞ்சு வரைக்கும், ஃபோர்ம் குழம்பின உடன நிப்பாட்டு, எவ்வளவு தூக்குவாய் எண்ட போட்டியே இல்ல. கிழமையில ரெண்டு நாள், இடையில ரெஸ்ட் இருக்க வேணும்.

சின்னவளிண்ட குறூப் வேற உலகம். அங்க ஸ்ட்ரெங்த் எண்ட சொல்லே காதில விழாது. நண்டு நடை, கயிறடிக்கிறது, கெந்திக்கொண்டு போய்ப் போல் எடுக்கிறது, சுவரில டென்னிஸ் போல் எறிஞ்சு மற்றக் கையால பிடிக்கிறது, கடைசிக் கால் மணித்தியாலம் கிளித்தட்டு. எங்கட அம்மா பாத்திட்டு "இதுக்கோ காசு கட்டுறாய், நாங்க ஒழுங்கையில விளையாடினதுதானே" எண்டா. உண்மைதான், ஆனா இப்ப ஒழுங்கையில ஆர் விளையாடுகினம், புலமைப்பரிசில் டியூசனுக்குப் போய் வர பொழுது பட்டிடும். இந்த வயசில பலம் கூடுறது தசை பெருத்து இல்ல, நரம்பு தசைய ஒழுங்காக் கூப்பிடப் பழகுறதாலதான், அதால கை திரண்டு ஆம்பிளை மாதிரி வந்திடும் எண்ட பயம் வேண்டாம்.

பாரம் தூக்கினா வளராது, கர்ப்பப்பை இறங்கிடும் எண்டு எங்கட வீட்டிலயும் சொன்னவை. வளர்ச்சி நிண்டிடும் எண்டதுக்கு ஆதாரம் இல்ல, அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கமே 2020இல ஒழுங்கான மேற்பார்வையோட செஞ்சாப் பிள்ளையளுக்கு நல்லதெண்டு எழுதியிருக்கு. கர்ப்பப்பைக் கதைய மிஸ்ஸிட்டக் கேட்டன், "அப்பிடியெண்டா கிணத்தில தண்ணி அள்ளின உங்கட அம்மம்மாவுக்கு எத்தின பிள்ளை" எண்டு திருப்பிக் கேட்டா. ஏழு. உலக சுகாதார நிறுவனமும் 5 தொடக்கம் 17 வயசுப் பிள்ளையளுக்குக் கிழமையில மூண்டு நாளாவது எலும்பும் தசையும் பலப்படுற மாதிரி விளையாட்டு வேணும் எண்டுதான் சொல்லுது. ஆபத்து வாறது ஆரும் பாக்காம தாங்களா இரும்பு தூக்கேக்கதான், அந்த ஜிம்மில மாதிரி.

அம்மாமாருக்கு ஒரு நாள் கூட்டம் வச்சவ, எனக்கு அதுதான் இந்தக் கிளாஸில ஆகப் பிடிச்சது. காலமச் சாப்பாடு இல்லாம பிரக்டிஸுக்கு அனுப்பக் கூடாது, சாப்பாட்டோட பிளேன்டீ குடிச்சா இரும்புச் சத்து உடம்பில குறைவாத்தான் சேரும், தள்ளிக் குடுங்கோ, முருங்கை இலை, பயறு, நெத்தலி ஒழுங்காச் சேருங்கோ எண்டா. ஒழுங்கா வந்துகொண்டிருந்த பீரியட்ஸ் மூண்டு மாசம் வராட்டி அது நல்ல ஃபிட்னஸ் இல்ல, செலவழிக்கிற அளவுக்குப் பிள்ளை சாப்பிடேல்ல எண்டு அர்த்தமா இருக்கலாம், டொக்டரிட்டக் காட்ட வேணும். அங்க இருந்த ஒரு அக்கா மெதுவா "என்ட மகளுக்கு நாலு மாசம், ஓடுற பிள்ளையளுக்கு அப்பிடித்தானாம் எண்டு விட்டிட்டன்" எண்டா. சாமத்திய வீட்டுக்கு ஹோலும் வீடியோவும் பிடிக்கிற நாங்க அதுக்குப் பிறகு இதுகளப் பற்றிப் பிள்ளையளோட கதைக்கிறதே இல்லத்தானே.

குறையும் சொல்ல வேணும். அந்தத் தகரக் கூரை ஆனி ஆடியில கச்சான் காத்து அடிக்கேக்க அடுப்பு, ஃபேன் ரெண்டு இருக்கு, ஒண்டுதான் சுத்தும், பின்னேரக் கிளாஸ அந்த மாசங்களில காலமைக்கு மாத்தச் சொல்லிப் பல பேர் கேட்டும் இன்னும் மாத்தேல்ல. உடுப்பு மாத்த ஒழுங்கான இடம் இல்ல, டொய்லட் பக்கத்து வீட்டில, வளர்ந்த பிள்ளையளுக்கு அது பெரிய கரைச்சல். மாரி மழைக்கு வெள்ளம் வந்தாக் கிளாஸ் நிக்கும், காசு திரும்பி வராது, "அடுத்த மாசம் சேத்துப் பாப்பம்" எண்டுவா, பாக்கிறதில்ல. ஃபீஸ் ஒரு பாட டியூசனவிடக் கொஞ்சம் கூட, ரெண்டு பிள்ளை எண்டாலும் குறைக்கிறதில்ல. வட்ஸ்அப்ல அவ போடுற வொய்ஸ் மெசேஜ் கேட்டு முடிக்க ஒரு சோறு கறி ஆக்கி முடிச்சிடலாம்.

ஞாயிறு காலமை சில நேரம் டச்பே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவா, மணலில வெறுங்காலோட பக்கவாட்டு ஓட்டம். ஒரு தரம் கோட்டைப் பக்கத்து மான் ரெண்டு வந்து ஓட்டத்துக்கு அடையாளமா வச்சிருந்த கோன மணந்து பாத்திட்டு நிண்டுது, பிள்ளையள் அன்றைக்கு ஒண்டும் உருப்படியாச் செய்யேல்ல.

பலன் என்னெண்டா மூத்தவளுக்கு முழங்கால் நோ நல்லாக் குறைஞ்சிட்டு, முழுக்கப் போகேல்ல, நெடுக்கிறது நிண்டாப் பிறகுதான் அது முழுக்கப் போகும் எண்டு டொக்டர் சொன்னவர். வேகம் கூடினதா எண்டு கேட்டா பெரிசா இல்ல. ஆனா போலப் பிடிச்சு நிக்கேக்க இப்ப ஆடாம நிக்கிறாள், ஸ்கூல் பி.டி. மிஸ்ஸே கேட்டா எங்க பழகுறாய் எண்டு. சின்னவள் இப்ப மாடிப்படியால சத்தமில்லாம இறங்குறாள், ஃபிரிட்ஜுக்குள்ள கை வைக்கேக்கதான் எனக்குத் தெரியவருது.

மாகாண மட்டத்துக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு, அதுக்குள்ள ஏதாவது செஞ்சு தாங்கோ எண்டு நினைக்கிற ஆக்களுக்கு இந்தக் கிளாஸ் சரிவராது. மார்கழி, தை மாசத்தில அவ புதுசா ஆளே எடுக்கிறதில்ல, ஏனெண்டா அப்ப வாற அம்மா அப்பா எல்லாரும் ஸ்கூல் இல்ல (ஹவுஸ்) விளையாட்டுப் போட்டி மெடலுக்காக வருகினம், போட்டி முடிஞ்ச அடுத்த கிழமை பிள்ளையக் காணாது. சேக்கிறதெண்டா சித்திரை லீவுக்குப் பிறகு கதையுங்கோ, லேஸ் கட்டுற சப்பாத்தும் பெரிய தண்ணிப் போத்தலும் குடுத்து விடுங்கோ, பாட்டாவோட வந்தாத் திருப்பி அனுப்புவா.