பட்டாவும் வாரிசுச் சான்றும்: கைப்பேசியிலா, இ-சேவை மையத்திலா?

செட்டிநாட்டில் ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பதும், அவர்களில் சிலர் சென்னையிலோ மலேசியாவிலோ குடியிருப்பதும் வழக்கம் என்பதால், நிலப் பதிவேடுகள் இணையத்துக்கு வந்தது இங்குள்ளோருக்குப் பெரிய ஆறுதல். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்தால் பட்டா கட்டணமின்றிக் கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. பார்ப்பதற்கு இதுவே போதும்.

ஆனால் பட்டா இன்னும் காலமான ஐயா (தாத்தா) பெயரிலேயே நின்றால், வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதையும் வீட்டிலிருந்தே செய்யலாம் என்றாலும், நான் 60 ரூபாய் கட்டணத்தோடு காரைக்குடி இ-சேவை மையத்து வரிசையையே தேர்ந்தெடுப்பேன். ஆதாரில் 'மெய்யப்பன்' என்றும் இறப்புச் சான்றில் 'மெய்யப்ப செட்டியார்' என்றும் இருந்தால், அனுபவப்பட்ட பணியாளர் முதலிலேயே சுட்டிக்காட்டிவிடுவார். வீட்டில் தட்டச்சு செய்பவருக்கோ விண்ணப்பம் திரும்பிய பிறகுதான் தெரியும்.