என்.பி.சி.க்குக் குரல் கொடுப்பதா, ஆசை கொடுப்பதா?

போன வருடம் நண்பர்கள் நாலு பேருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் கதை விளையாட்டு) நடத்த உட்கார்ந்தபோது, விதிகளைவிட ஊர் மக்கள்தான் என்னைப் பயமுறுத்தினார்கள். பிளேயர்களுக்கு ஆளுக்கு ஒரு பாத்திரம். சத்திரக்காரர், வியாபாரி, ஊர்த் தலைவர், வழிமறிக்கும் கொள்ளைக்காரன் என்று மீதி உலகம் முழுக்க ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் தலையில். பிளேயர்கள் ஆடாத இந்தப் பாத்திரங்களை, அதாவது என்.பி.சி.க்களை, நம்பும்படி காட்ட மூன்று வழிகளைச் செய்து பார்த்தேன்: குரல் மாற்றி நடிப்பது, முழு வாழ்க்கைக் கதை எழுதி வைப்பது, சின்ன அட்டையில் ஆளின் ஆசையையும் பயத்தையும் மட்டும் குறித்துக்கொள்வது. இப்போது அட்டையில் நிலைத்துவிட்டேன்.

வாழ்க்கைக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இந்த விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில், நடத்துபவருக்காக 2014-இல் வந்த டன்ஜன் மாஸ்டர் கையேடு தோற்றம், திறமை, பழக்கம், லட்சியம், பந்தம், ரகசியம் என்று ஒரு பட்டியலே தருகிறது. முக்கிய வில்லனுக்கு அது முழுக்க வேண்டும். கடைக்காரருக்கு எழுதினால், யாரும் கேட்கப்போகாத கேள்விகளுக்குப் பதில் எழுதி ஒரு ராத்திரி போய்விடும்.

குரல் விஷயம் அப்படியில்லை, அதில் நிஜமான கவர்ச்சி இருக்கிறது. நாங்கள் ஆடியது, புதியவர்களுக்கான 2014 ஸ்டார்ட்டர் செட்டோடு வந்த 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர்' என்ற கதை. ஃபேண்டலின் என்ற சிற்றூரில் டோப்ளென் என்பவர் ஸ்டோன்ஹில் சத்திரத்தை நடத்துகிறார். சுரங்கத்தில் சம்பாதிக்கலாம் என்று வந்து, அதைவிடச் சத்திரம் நடத்தவே தனக்கு நன்றாக வருகிறது என்று கண்டுகொண்டவர். அவருக்குக் கரகரத்த, இழுத்து இழுத்துப் பேசும் குரல் கொடுத்தேன். முதல் செஷனில் மேஜை முழுக்கச் சிரிப்பு, எல்லோருக்கும் அவரைப் பிடித்துவிட்டது.

அடுத்த செஷன் ஐந்து வாரம் கழித்துத்தான் அமைந்தது. ஒருவருக்கு நைட் ஷிப்ட், இன்னொருவர் வீட்டில் கல்யாணம். மறுபடி சத்திரத்துக்குள் நுழைந்தபோது எனக்கு அந்தக் குரல் வரவில்லை. நாலு வாக்கியம் பேசியிருப்பேன், ஒரு பிளேயர் கேட்டார்: "இது வேற ஆளா?" அவ்வளவுதான், கட்டிய ஊர் கலைந்துவிட்டது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது இந்தப் பராமரிப்புதான். முதல் நாள் எந்த வழியும் நன்றாகத்தான் இருக்கும். பத்துப் பன்னிரண்டு பேர், இரண்டு மூன்று வார இடைவெளி, நடுவில் நம் வேலை, வீடு என்று ஆனபிறகும் அதே ஆள் அதே ஆளாகத் திரும்பி வருகிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும். குரலை எழுதி வைக்க முடியாது. "கரகரப்பு" என்று குறித்தால் வேறொரு கரகரப்புதான் வரும். "கடனில்லாமல் சத்திரம் ஓடணும், பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம்" என்று நான் சேர்த்து எழுதிய வரி ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் அதே ஆளைத்தான் கொண்டுவருகிறது.

அப்புறம், பிளேயர்கள் நாம் நினைத்த பக்கம் போவதில்லை. ஊர்த் தலைவர் ஹார்பின் வெஸ்டர், ரெட்பிராண்ட்ஸ் ரவுடிக் கும்பலைப் பார்த்து நடுங்குகிறவர். கேட்டால் அவர்களால் பெரிய தொந்தரவில்லை என்பார். எங்கள் ஆட்கள் பிடிபட்ட ரெட்பிராண்ட் ஒருவனைக் கயிற்றில் கட்டி அவர் வாசலிலேயே நிறுத்தினார்கள். புத்தகத்தில் இதற்கு வசனம் கிடையாது. அட்டையில் இருந்தது: "பதவி நிலைக்கணும். கும்பல் வீடு தேடி வந்துவிடுமோ என்று பயம்." கதவைப் பாதி திறந்தார், கயிற்றைப் பார்த்தார், தெருவின் இரு பக்கமும் பார்த்தார், "பின்பக்கமா வாங்க" என்றார். குரல் என் சாதாரணக் குரல்தான். யாரும் சந்தேகப்படவில்லை.

(இந்தக் கதையை இன்னும் ஆடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) அதே ஊரில் இருக்கும் ஹேலியா தார்ன்டன் என்ற பெண் ரெட்பிராண்ட்ஸ் தலைவனை ஒழிக்க 100 பொற்காசு தருவதாகச் சொல்வார். உண்மையில் கும்பலைத் தானே எடுத்துக்கொள்ளத்தான் பார்க்கிறார். இந்த ஒரு ஆசை தெரிந்தால் போதும், பேரம், பொய், கோபம் எல்லாம் தானாக வரும்.

தமிழில் ஆடும்போது இன்னொரு சிக்கல். குரல் மாற்றப் போனால் நாக்கு தானாக வட்டார வழக்கில் போய் விழுகிறது. காவல்காரன் ஒரு ஊர்ப் பேச்சு, கஞ்சன் இன்னொரு ஊர்ப் பேச்சு. ஆள் மறைந்து மிமிக்ரிதான் மிச்சம், அந்த ஊர்க்காரர் ஒருவர் மேஜையில் இருந்தால் அவருக்கும் வலிக்கும். அதற்குப் பதிலாக நம் மொழியிலேயே ஒரு கருவி இருக்கிறது. அட்டையில் மூன்றாவது வரியாக, இவர் பிளேயர்களை எப்படிக் கூப்பிடுவார் என்று எழுதுகிறேன்: நீங்க, நீ, தம்பி, மகராசா. ஹேலியா மூன்று செஷனும் "நீங்க" என்றே பேசி வந்தார். கும்பல் தலைவனிடம் கிடைத்த கடிதங்களை அவர் கேட்க, தர மாட்டோம் என்று பிளேயர் சொன்னதும், குரல் உயராமல், "யோசிச்சுப் பாரு" என்றார். மேஜையில் ஒருவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

குரல் ஜெயிக்கும் இடமும் உண்டு. ஒரே காட்சியில் வந்து போகிற ஆளுக்குப் பராமரிப்பே இல்லை. தன்னைப் பெரிய படைத்தலைவனாக நினைத்துக்கொள்ளும் குகைவாசி கிளார்குக்கு அட்டை போடாமல் தொண்டை கிழியக் கத்தினேன், அதுதான் சரி. நாடகப் பயிற்சி உள்ளவர்களுக்குக் குரல் வாரக்கணக்கில் நிற்கலாம், நான் என் தொண்டையை வைத்துத்தான் சொல்கிறேன். ஆன்லைனில் இரண்டு முறைதான் நடத்தியிருக்கிறேன். முகம் சரியாகத் தெரியாத இடத்தில் குரலுக்கு மதிப்பு கூடும் என்று தோன்றுகிறது, அடித்துச் சொல்ல மாட்டேன்.

செஷன் முடிந்ததும், டைஸை எடுத்து வைக்கும் முன், அட்டையின் பின்பக்கம் ஒரு வரி: இன்று இவருக்கு என்ன செய்தார்கள். டோப்ளென் அட்டையில் கடைசியாக இருப்பது, "உடைந்த ஜன்னலுக்குக் காசு கொடுக்காமல் போனார்கள்."