முதிர்ந்த தோபான்ஜியாங்கா, சிவப்பு எண்ணெய் வகையா?

சீனாவின் சிச்சுவான் மாகாணச் சமையலின் உயிர் தோபான்ஜியாங் என்னும் புளித்த மிளகாய் விழுதில் இருக்கிறது. செங்டு நகரையொட்டிய பீஷியன் அதற்குப் பெயர்போன ஊர். அந்த ஊர்ப் பெயரோடு விற்கும் விழுதுகளில் இரண்டு வகை உண்டு.

முதிர்ந்த வகை, மொச்சையைப் போன்ற பருத்த அவரை விதை, மிளகாய், உப்பு, கோதுமை மாவு ஆகியவற்றைத் தாழிகளில் ஓராண்டுக்கு மேல், சில சமயம் 3 ஆண்டுகள்வரை புளிக்கவைத்தது. வெயிலில் திறந்துவைப்பார்கள், மழையில் மூடுவார்கள், பகலில் கிளறி இரவில் பனி படவிடுவார்கள். நிறம் பழைய புளியைப் போலக் கருத்திருக்கும். பார்க்க அழகில்லை, ருசிதான் அழகு. விதைகள் முழுசாகக் கிடப்பதால் பலகையில் வைத்துப் பொடியாகக் கொத்த வேண்டும். பிறகு சிறு தீயில், எண்ணெய் செக்கச்செவேலென்று மாறும்வரை வதக்க வேண்டும். தீ கூடினால் கசந்துவிடும்.

சிவப்பு எண்ணெய் வகை குறைந்த காலமே புளித்தது, எண்ணெய் சேர்த்திருப்பார்கள். பளிச்சென்ற நிறம் உடனே கிடைக்கும், காரம் முந்திக்கொண்டு வரும், ஆழம் குறைவு. அவசர நூடுல்ஸுக்கு அது போதும்.

மாப்போ தோஃபு என்னும் காரமான சோயாக்கட்டிக் குழம்புக்கும் இருமுறை சமைத்த பன்றி இறைச்சிக்கும் என் ஓட்டு முதிர்ந்ததற்கே. நிறம் வேண்டுமென்றால் மற்றதில் அரைக் கரண்டி சேர்த்துக்கொள்வேன். எதை எடுத்தாலும் ருசி பார்க்காமல் உப்புப் போடாதீர்கள். முதல் முறை வழக்கம்போல் போட்டுவிட்டு, சட்டியோடு கொட்டினேன்.